நான்கு பணி, நான்கு பயிற்சி: போர் விளையாட்டு மேசையில் ஓர் அறிவியல் பாடம்



உங்கள் மேசையில் தென்சீனக் கடலின் வரைபடம் விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சைகோன், கீழே சிங்கப்பூர், இடையில் குவாந்தான். உங்கள் கையில் 12 விமானக் குழுக்கள் இருக்கின்றன. சண்டை தொடங்க இன்னும் நான்கு வாரம். அதற்குள் அந்தக் குழுக்களுக்கு எந்தப் பயிற்சியைக் கொடுப்பீர்கள்? கடலில் கப்பலைத் தேடவா, உயரத்திலிருந்து குண்டு போடவா, தாழப் பறந்து டார்பிடோ விடவா, நீர்மூழ்கிக் கப்பலை வேட்டையாடவா? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமா, ஒன்றில் மட்டும் முழுமையாகவா?

கணினியில் போர் உத்தி விளையாட்டு விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவற்றுள் சிலவற்றில் ஒவ்வொரு விமானிக்கும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. பயிற்சிக்கு அனுப்பினால் எண் ஏறும். சண்டையில் இறந்தால் பெயர் பட்டியலிலிருந்து மறையும். பலர் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே விளையாடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அது ஏன் பணிக்குப் பணி மாறுகிறது என்று கேட்டால், நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் நிகழ்தகவும்தான் பதிலாக வந்து நிற்கும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கணினி தேவையில்லை. ஒரு பகடை, முப்பது நாற்பது பொத்தான்கள், பென்சில், தாள் போதும்.

போர் விளையாட்டு என்பது ஒரு மாதிரி

போர் விளையாட்டு சிறுவர்களுக்காகத் தோன்றியதல்ல. 1824-ஆம் ஆண்டில் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், உண்மையான நில வரைபடத்தின்மேல் காய்களை நகர்த்தி, பகடை உருட்டி முடிவு காணும் ஒரு விளையாட்டை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதே அதன் நோக்கம். நடுவர் ஒருவர் இருப்பார். துப்பாக்கிச் சூடு எவ்வளவு தூரத்தில் எத்தனை பேரைத் தாக்கும் என்பதற்கு அட்டவணை இருக்கும். எந்தச் சூடும் எப்போதும் ஒரே விளைவைத் தராது என்பதால் பகடையும் இருக்கும்.

அறிவியலில் இதை ‘மாதிரி’ என்கிறோம். சூரியக் குடும்பத்தைப் பந்துகளால் செய்து காட்டுவதும் ஒரு மாதிரிதான். மாதிரி உண்மையைவிடச் சிறியது, எளியது. அதில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று தெரிந்து பயன்படுத்தினால் அது நன்றாக வேலை செய்யும்.

நம் மாதிரிக்கு ஓர் உண்மை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 10. பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் நமது குவாந்தான் கரைக்கு அப்பால் கடலில் இருந்தன. சைகோன் வட்டாரத்துத் தளங்களிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்த ஜப்பானியக் கடற்படை விமானங்கள் அவ்விரண்டையும் அன்று பிற்பகலுக்குள் மூழ்கடித்தன. கடலில் ஓடிக்கொண்டு, திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது உலகில் அதுவே முதல் முறை. பிரிட்டிஷ் தரப்பில் 840 பேர் இறந்தனர். சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானிய விமானங்கள் மூன்று.

இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. கப்பல்களுக்கு மேலே காவலாக ஒரு போர் விமானம்கூட இல்லை. செம்பவாங்கிலிருந்து புறப்பட்ட விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்னொரு முக்கியக் காரணம், எதிரே வந்த விமானக் குழுக்கள் கப்பலைத் தாக்குவதற்கென்றே நீண்ட காலம் பயிற்சி பெற்றிருந்தன. எந்தப் பயிற்சி, எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

பணி ஒன்று: தேடுதல்

கடலுக்கு மேலே பறக்கும்போது எவ்வளவு தூரம் தெரியும்? பூமி உருண்டை என்பதால் அடிவானம் வரைதான் தெரியும். அதற்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு.

தூரம் (கி.மீ.) = 3.57 × √உயரம் (மீட்டர்)

100 மீட்டர் உயரத்தில் 35.7 கிலோமீட்டர் தெரியும். 2500 மீட்டர் உயரத்தில் 178.5 கிலோமீட்டர். உயரம் 25 மடங்கு ஏறினால் பார்வைத் தூரம் 5 மடங்குதான் ஏறுகிறது. வர்க்கமூலம் செய்யும் வேலை இது. அதோடு, மேலே போகப் போக மேகமும் மூட்டமும் குறுக்கே வரும். 178 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கப்பல் கணக்கின்படி தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. எனவே தேடுதல் விமானத்தின் குழுவுக்கு எந்த உயரத்தில் பறப்பது, கடலைப் பட்டை பட்டையாகப் பிரித்து எப்படிப் பார்ப்பது, பார்த்த கப்பல் யாருடையது என்று எப்படி அடையாளம் காண்பது என்பவையே பாடம்.

வழிகாட்டுநர் என்று குழுவில் ஒருவர் இருப்பார். அவருடைய திசைக் கணக்கு ஒரே ஒரு பாகை தவறினால் என்ன ஆகும்? 800 கிலோமீட்டர் பறந்த பிறகு விமானம் சேர வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் விலகியிருக்கும் (800 × டான் 1°). மேகமூட்டமான நாளில் அந்த 14 கிலோமீட்டர், கப்பலைக் காண்பதற்கும் காணாமல் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

டிசம்பர் 10-இல் நடந்ததைப் பாருங்கள். தாக்குதல் விமானங்கள் தெற்கே வெகுதூரம் போய் எதையும் காணாமல் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்பது விமானங்கள் ‘டெனடோஸ்’ என்ற சிறிய நாசகாரிக் கப்பலைக் கண்டு அதன்மீது குண்டுகளைப் போட்டன. ஒன்றுகூடப் படவில்லை. பெரிய கப்பல்களுக்காக அத்தனை தூரம் சுமந்து வந்த குண்டுகள் கடலுக்குள் போயின. பின்னர் ஒரு வேவு விமானம் உண்மையான இலக்கைக் கண்டு செய்தி அனுப்பிய பிறகுதான் மற்றவை அங்கு திரும்பின. தேடுதல் பயிற்சி பெற்ற அந்த ஒரு குழு இல்லாவிட்டால், மற்ற எல்லாக் குழுக்களின் திறமையும் அன்று பயனற்றுப் போயிருக்கும்.

பணி இரண்டு: உயரத்திலிருந்து குண்டுவீச்சு

3000 மீட்டர் உயரத்தில் ஒரு விமானம் வினாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். குண்டு கீழே விழ எவ்வளவு நேரம் ஆகும்? காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம்.

நேரம் = √(2 × 3000 ÷ 10) = √600 = 24.5 வினாடி

குண்டு விமானத்தை விட்டுப் பிரிந்தாலும் விமானத்தின் முன்னோக்கிய வேகம் அதனிடம் இருக்கும். ஆகவே அந்த 24.5 வினாடியில் அது 90 × 24.5, அதாவது சுமார் 2200 மீட்டர் முன்னோக்கிச் செல்லும். கப்பலுக்கு நேர் மேலே வந்து குண்டைப் போட்டால் அது இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் விழும். இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே போட்டாக வேண்டும்.

இலக்கும் சும்மா நிற்பதில்லை. வினாடிக்கு 14 மீட்டர் ஓடும் கப்பல், குண்டு விழும் நேரத்துக்குள் 14 × 24.5 = 343 மீட்டர் நகர்ந்துவிடும். ‘ரிபல்ஸ்’ கப்பலின் நீளமே ஏறக்குறைய 242 மீட்டர், அகலம் 27 மீட்டர்தான். தன் நீளத்தைவிட அதிக தூரம் அது போய்விடுகிறது. கப்பல் நேராகப் போனால் கணக்கிட்டுவிடலாம். மாலுமி சுக்கானைத் திருப்பினால்?

அதனால்தான் உயரத்திலிருந்து குண்டு போடும்போது விமானங்கள் அணியாகப் பறந்து, தலைமை விமானம் போடும் அதே கணத்தில் எல்லாம் சேர்ந்து போட்டன. ஒரே புள்ளியைக் குறிபார்ப்பதைவிட ஒரு பரப்பையே குண்டுகளால் மூடுவது மேல் என்பது அதன் தத்துவம். இந்தப் பணிக்கு அணியைக் குலைக்காமல் பறப்பது ஒவ்வொரு விமானியும் கற்க வேண்டிய பாடம். தலைமை விமானத்தில் குறிபார்ப்பவர் மட்டும் மிகத் தேர்ந்தவராக இருக்க வேண்டும். அன்று முதல் தாக்குதலில் எட்டு விமானங்கள் ‘ரிபல்ஸ்’ மீது குண்டு போட்டன. பட்டது ஒரே ஒரு குண்டு. அதனால் கப்பல் மூழ்கவில்லை.

பணி மூன்று: டார்பிடோ

இரு கப்பல்களையும் மூழ்கடித்தவை டார்பிடோக்கள். டார்பிடோவை நீருக்குள் விட, விமானம் கடல்மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் உயரத்துக்கு இறங்கி, எதிரியின் பீரங்கிகளை நோக்கி நேராகப் பறக்க வேண்டும். விட்ட பிறகு டார்பிடோ தானாக நீந்திச் செல்லும். ஆனால் அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 21 மீட்டர்தான். கப்பலின் வேகம் 14. எனவே கப்பலைப் பார்த்து விட்டால் படாது. கப்பல் போய்ச் சேரப்போகும் இடத்தைப் பார்த்து விட வேண்டும்.

எவ்வளவு முன்னால்? கப்பல் உங்கள் பார்வைக்குக் குறுக்காக, செங்குத்தாகப் போகிறது என்றால், டார்பிடோவின் வேகத்தில் கப்பலின் திசையிலான கூறு கப்பலின் வேகத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

21 × சைன் θ = 14; எனவே சைன் θ = 0.667; θ = ஏறக்குறைய 42°

கப்பலுக்கு 42 பாகை முன்னால் குறிவைக்க வேண்டும். சாலையில் ஓடும் நண்பனுக்குப் பந்தை வீசும்போது அவனுக்கு முன்னால் வீசுகிறீர்கள் அல்லவா, அதே கணக்கு. ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து விட்டால் டார்பிடோ சேர 64 வினாடி ஆகும். (கப்பலை நெருங்கும் வேகம் 21 × கொசைன் 42°, அதாவது சுமார் 15.6. 1000-ஐ 15.6-ஆல் வகுத்துப் பாருங்கள்.) அந்த ஒரு நிமிடத்தில் கப்பல் திரும்பினால் தப்பிக்கலாம். ‘ரிபல்ஸ்’ கேப்டன் வில்லியம் டெனன்ட் அப்படித்தான் டார்பிடோ தடங்களைப் பார்த்துப் பார்த்துக் கப்பலைத் திருப்பிப் பலவற்றிலிருந்து தப்பினார். கடைசியில் விமானங்கள் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்தன. ஒன்றிலிருந்து விலகத் திரும்பினால் மற்றொன்றுக்கு விலாவைக் காட்ட வேண்டியதாயிற்று.

இப்போது இரண்டாம் பணியையும் மூன்றாம் பணியையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் உயரம், அணி, தலைமைக்குக் கீழ்ப்படிதல். மற்றொன்றில் தாழ்வு, தனித்துக் கோணம் கணித்தல், பல பக்கமிருந்து வந்தாலும் நேரத்தை ஒத்திசைத்தல். விமானம் ஒரே வகையாக இருக்கலாம். அன்று ஒரே வகை மிட்சுபிஷி விமானங்களில் சில குண்டு சுமந்தன, சில டார்பிடோ சுமந்தன. ஆனால் குழு செய்ய வேண்டிய வேலை வேறு. ஒன்றில் நூறு மணி நேரம் பயின்றவர் மற்றொன்றில் தானாகத் தேர்ந்தவராகிவிட மாட்டார்.

பணி நான்கு: நீர்மூழ்கி வேட்டை

இதற்கு அட்லாண்டிக் கடலுக்குப் போவோம். பிரிட்டனின் கடலோர விமானப்படை ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடித் தாக்கிக்கொண்டிருந்தது. குழுக்கள் நன்றாகப் பயிற்சி பெற்றிருந்தும் நீர்மூழ்கிகள் பெரும்பாலும் தப்பின. பேட்ரிக் பிளாக்கெட் தலைமையிலான அறிவியலாளர் குழு காரணத்தை ஆராய்ந்தது. அதில் இ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் தாக்குதல் அறிக்கைகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்.

நீரடி வெடிகுண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. விமானத்தைக் கண்டதும் நீர்மூழ்கி ஆழத்துக்குப் போய்விடும் என்ற எண்ணத்தில் அப்படி வைத்திருந்தார்கள். ஆனால் அவ்வளவு ஆழம் போன நீர்மூழ்கி எந்தப் பக்கம் திரும்பியது என்று மேலிருந்து யாருக்கும் தெரியாது. அதன்மீது குண்டு படுவதே அரிது. எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிவது, இன்னும் மேற்பரப்பிலோ சற்றே மூழ்கியோ இருக்கும் நீர்மூழ்கிதான். அதற்கோ 100 அடியில் வெடிக்கும் குண்டு மிகவும் ஆழத்தில் வெடித்தது. ஆழத்தை 25 அடியாகக் குறைத்ததும் தாக்குதல்களின் வெற்றி வெகுவாக உயர்ந்தது. பிரிட்டன் புதிய வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டதாக ஜெர்மானிய மாலுமிகள் எண்ணினார்களாம். மாறியது ஆழத்தை வைக்கும் அளவு மட்டுமே. பிளாக்கெட் 1948-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார், அது வேறு ஆய்வுக்காக.

நம் விளையாட்டுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பயிற்சி, சொல்லிக்கொடுத்ததைத் திறம்படச் செய்ய வைக்கும். சொல்லிக்கொடுத்ததே தவறு என்றால், தவறையும் திறம்படச் செய்வார்கள்.

திறமையை எண்ணாக மாற்றுவது

இனி மேசைக்குத் திரும்புவோம். ஒரு குழுவின் டார்பிடோ திறமை 10 என்றால், அது விடும் டார்பிடோ படுவதற்கான நிகழ்தகவு 0.1 என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் குழுக்கள் தாக்கினால் ஒன்றாவது படும் வாய்ப்பு என்ன? எட்டும் தவறும் வாய்ப்பைக் கண்டு, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

1 − (0.9)⁸ = 1 − 0.43 = 0.57

திறமையை 20 ஆக்கினால்:

1 − (0.8)⁸ = 1 − 0.17 = 0.83

விமானம் ஒன்றுகூடச் சேர்க்காமல், பயிற்சியால் மட்டும் 57 விழுக்காட்டிலிருந்து 83 விழுக்காட்டுக்கு வந்துவிட்டோம்.

இங்கே சற்று நில்லுங்கள். இந்த வாய்பாடு எட்டு முயற்சிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. தனித்தனியே குறிவைக்கும் டார்பிடோவுக்கு அது ஓரளவு பொருந்தும். தலைமை விமானத்தைப் பார்த்து எல்லாம் ஒன்றாகக் குண்டு போடும் இரண்டாம் பணிக்குப் பொருந்துமா? தலைமை தவறினால் எல்லாம் தவறும். அங்கே எட்டுத் தனி முயற்சி இல்லை. ஏறக்குறைய ஒரே முயற்சிதான். ஒரே வாய்பாட்டை எல்லாப் பணிக்கும் போடுவது மாணவர்கள் தேர்வில் அடிக்கடி செய்யும் தவறு. விளையாட்டை வடிவமைப்பவர்களும் செய்யலாம்.

நான்கு வாரத்தை எப்படிப் பங்கிடுவது?

எந்தத் திறமையும் முதலில் வேகமாக ஏறும், போகப் போக மெதுவாகும். மிதிவண்டி ஓட்டக் கற்றதை நினைத்துப் பாருங்கள். நம் விளையாட்டில் ஒரு விதி வைப்போம்: திறமையின் உச்சம் 80. ஒவ்வொரு வாரப் பயிற்சியும் உச்சத்துக்கு மீதமுள்ள இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கை நிரப்பும். தொடக்கத்தில் திறமை 30.

முதல் வாரம் 40. இரண்டாம் வாரம் 48. மூன்றாம் வாரம் 54.4. நான்காம் வாரம் 59.5. முதல் வாரத்தில் 10 புள்ளி கிடைத்தது. நான்காம் வாரத்தில் 5 புள்ளிதான்.

நான்கு வாரத்தையும் டார்பிடோவுக்கே கொடுத்தால் அக்குழுவின் திறமை டார்பிடோவில் 59.5, குண்டுவீச்சில் 30. இரண்டு வாரம், இரண்டு வாரம் என்று பங்கிட்டால் இரண்டிலும் 48. கூட்டிப் பார்த்தால் முதல் வழியில் 89.5, இரண்டாவதில் 96. பங்கிடுவதே மேல் என்று தோன்றும். உங்களிடம் ஒரே ஒரு குழுதான் இருந்து, எந்தப் பணி வரும் என்று தெரியாவிட்டால் அது சரியே.

இரண்டு குழுக்கள் இருந்தால்? ஒன்றை டார்பிடோவுக்கும் மற்றொன்றைக் குண்டுவீச்சுக்கும் முழுமையாகப் பயிற்றுவித்து, பணிக்கு ஏற்ற குழுவை அனுப்பலாம். எப்போதும் 59.5 திறமையுள்ள குழுவே போகும். ஆனால் அந்த ஒரு குழுவை இழந்தால், அந்தப் பணிக்கு மீதமிருப்பது 30 திறமையுள்ள குழுதான். ஆகவே கேள்விக்குப் பதில், எத்தனை குழுக்கள் இருக்கின்றன, எத்தனையை இழக்கக்கூடும் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் பகடை வேண்டும்.

செய்து பாருங்கள்: ‘அ’ நாடும் ‘ஆ’ நாடும்

இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஒவ்வோர் அணிக்கும் 12 பொத்தான்கள். ஒவ்வொன்றும் ஒரு தேர்ந்த விமானக் குழு. ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிக்கும் இரண்டு புதுமுகக் குழுக்கள் வரும்.

‘அ’ நாடு தன் குழுக்கள் அனைத்தையும் போர்முனையில் வைக்கிறது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லாததால் புதுமுகங்களும் நேராகப் போர்முனைக்கே போகின்றன. தேர்ந்த குழு ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டுங்கள். 1 விழுந்தால் அக்குழுவை இழந்தீர்கள். புதுமுகக் குழுவுக்கு 1, 2, 3 எது விழுந்தாலும் இழப்புதான். தப்பிய புதுமுகம் அடுத்த சுற்றில் தேர்ந்த குழுவாகும்.

‘ஆ’ நாடு மூன்று தேர்ந்த குழுக்களைத் திரும்ப அழைத்து ஆசிரியர்களாக்குகிறது. ஒன்று தேடுதலுக்கு, ஒன்று குண்டுவீச்சுக்கு, ஒன்று டார்பிடோவுக்கு. அவை போர்முனைக்குப் போவதில்லை, அவற்றுக்குப் பகடை இல்லை. புதுமுகங்கள் ஒரு சுற்றைப் பயிற்சியில் கழித்து, அடுத்த சுற்றில் தேர்ந்த குழுக்களாகப் போர்முனைக்கு வரும். போர்முனையில் உள்ளவற்றுக்கு 1 விழுந்தால் இழப்பு.

ஐந்து சுற்று ஆடுங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் போர்முனையில் எத்தனை தேர்ந்த குழுக்கள் இருக்கின்றன என்று குறித்து வரைபடம் வரையுங்கள். சராசரியாகக் கணக்கிட்டால் இப்படி வரும்:

‘அ’ நாடு: 12, 11, 10.2, 9.5, 8.9
‘ஆ’ நாடு: 9, 9.5, 9.9, 10.3, 10.6

முதல் மூன்று சுற்றில் ‘அ’ நாடுதான் முன்னணியில் இருக்கும். ‘ஆ’ நாட்டின் தளபதி தவறு செய்துவிட்டதாகவே தோன்றும். நான்காவது சுற்றில் கோடுகள் வெட்டிக்கொள்ளும். அதன் பிறகு ‘அ’ நாடு முந்த முடியாது.

உங்கள் பகடை இதே எண்களைத் தராது. ஒருமுறை ஆடினால் எதுவும் நடக்கலாம். வகுப்பில் பத்துப் பதினைந்து சோடிகள் ஆடி, எல்லா முடிவுகளின் சராசரியை எடுத்துப் பாருங்கள். அது மேலே உள்ள எண்களை நெருங்கும். சோதனைகளைப் பலமுறை செய்யச் சொல்வது இதனால்தான்.

இப்போது இன்னொரு கணக்கு. ஐந்து சுற்று முடிவில் இழந்த குழுக்கள் எத்தனை? ‘அ’ நாடு சராசரியாக 13.6. ‘ஆ’ நாடு 8.2. ஜப்பானின் ஜி4எம் விமானத்தில் ஏழு பேர் பறந்தார்கள். ஒரு பொத்தானுக்கு ஏழு பேர் என்று பெருக்குங்கள். வித்தியாசம் ஏறக்குறைய 38 மனிதர்கள்.

வரலாற்றில் ‘அ’வும் ‘ஆ’வும்

1941-இல் ஜப்பானியக் கடற்படையின் விமானிகள் உலகின் மிகச் சிறந்தவர்களில் சேர்ந்தவர்கள். ஆனால் தேர்ந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனையிலேயே வைத்திருந்தது ஜப்பான். இழப்பை ஈடுசெய்ய வந்த புதியவர்களின் பயிற்சிக் காலமோ எரிபொருள் தட்டுப்பாட்டாலும் அவசரத்தாலும் குறைந்துகொண்டே போனது. அமெரிக்கா அனுபவம் பெற்ற விமானிகளைத் திரும்ப அழைத்துப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது.

அவர்களில் ஒருவர் ஜான் தாட்ச். ஜப்பானின் ‘சீரோ’ விமானம் தமது விமானத்தைவிட விரைவாகத் திரும்பக்கூடியது என்று அறிந்தவர், 1941-இல் தம் வீட்டுச் சமையலறை மேசையில் தீக்குச்சிகளை விமானங்களாக வைத்து நகர்த்தி நகர்த்தி ஒரு தற்காப்பு முறையைக் கண்டார். இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, ஒன்றின் பின்னால் வரும் எதிரியை மற்றொன்று சுடும் முறை அது. பிறகு வானத்தில் சோதித்தார். தம் பக்கத்து விமானங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு, எதிர்ப்பக்கம் நடித்த எட்வர்ட் ஓ’ஹேர் முழு வேகத்தில் வரும்படி ஏற்பாடு செய்தார். தமக்குச் சாதகமாகச் சோதனையை அமைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1942 ஜூனில் மிட்வே போரில் அந்த முறை கைகொடுத்தது. அதன் பின் தாட்ச் மற்ற விமானிகளுக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டார். ‘ஆ’ நாட்டின் பொத்தான் அவர்.

1944 ஜூனில் பிலிப்பைன் கடல் போரில் ஜப்பான் இரண்டே நாளில் 300-க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. அமெரிக்காவிடம் மேலான விமானங்களும் ரேடாரும் இருந்தன. கூடவே, எதிரே வந்த விமானிகளில் பலர் போதிய பயிற்சி இல்லாதவர்கள். குவாந்தான் கடலில் வென்ற தரப்பு, மூன்றாண்டுக்குள் வந்து நின்ற இடம் அது.

பகடையைத் திருத்தாதீர்கள்

மிட்வே போருக்கு முன், 1942 மே மாதம், ஜப்பானியத் தளபதிகள் ‘யமாட்டோ’ கப்பலில் ஒரு போர் விளையாட்டு ஆடினார்கள். நடுவர் உருட்டிய பகடையின்படி ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள்மீது ஒன்பது குண்டுகள் பட்டு, இரண்டு கப்பல்கள் மூழ்க வேண்டும். மூத்த அதிகாரி உகாகி அதை ஏற்காமல், பட்டவை மூன்றே என்று குறைத்து, ஒரு கப்பல் மட்டும் மூழ்கியதாக மாற்றினார். பிறகு அந்தக் கப்பலும் விளையாட்டுக்குள் மீண்டும் வந்தது. அடுத்த மாதம் உண்மையான போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அந்தப் பகடை எதிர்காலத்தைச் சொன்னது என்று நான் சொல்லவில்லை. இப்படியும் நடக்கலாம் என்று அது ஓர் எச்சரிக்கை கொடுத்தது. அதை அழித்துவிட்டால் எதற்காக விளையாட வேண்டும்?

ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எடுத்த அளவீடு பாடநூல் விடையோடு ஒத்துவராதபோது, எண்ணை அழித்து மாற்றி எழுதக் கை பரபரக்கும். அடுத்த முறை அப்படித் தோன்றும்போது இந்தக் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியில் இல்லாதது

நம் விளையாட்டில் பயம் இல்லை, களைப்பு இல்லை, புயல் இல்லை. இவற்றைக்கூட எண்ணாக்கிச் சேர்த்துவிடலாம். சேர்க்க முடியாதது ஒன்று உண்டு. மேசையில் பொத்தானை எடுத்துப் பெட்டியில் போட்டால் அடுத்த ஆட்டத்துக்கு அது திரும்பி வரும். ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டும் இன்றும் நம் கிழக்குக் கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கின்றன. அவற்றோடு போனவர்களில் பலர் உங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர்கள். விளையாட்டில் ஒரு குழுவைப் பயிற்சி இல்லாமல் அனுப்பும்போது அந்தப் பொத்தான் எதைக் குறிக்கிறது என்று தெரிந்து அனுப்புங்கள். அப்போதுதான் கணக்கைச் சரியாகப் போடத் தோன்றும்.

பயிற்சிக் கேள்விகள்

1. 2000 மீட்டர் உயரத்திலிருந்து போடப்பட்ட குண்டு கீழே விழ எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் வினாடிக்கு 10 மீட்டர் ஓடும் கப்பல் எவ்வளவு தூரம் போகும்? (ஈர்ப்பு முடுக்கம் 10.)

2. ஒவ்வொன்றும் 0.25 நிகழ்தகவு உள்ள நான்கு டார்பிடோக்களில் ஒன்றாவது படும் வாய்ப்பு என்ன?

3. ‘ஆ’ நாட்டின் டார்பிடோ ஆசிரியரை நான்காவது சுற்றில் அவசரமாகப் போர்முனைக்கு அழைத்துவிட்டார்கள். அதற்கு ஏற்ப விளையாட்டின் விதியை எப்படி மாற்றுவீர்கள்? மாற்றி ஆடிப் பார்த்து, என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

விடைகள்: 1) 20 வினாடி, 200 மீட்டர். 2) 1 − (0.75)⁴ = 0.68, அதாவது 68 விழுக்காடு. 3) இதற்கு ஒரே விடை இல்லை. உங்கள் விதிக்கு நீங்கள் சொல்லும் காரணமும், உங்கள் பகடை காட்டிய எண்களுமே விடை.